மாதிரிப் படம் மட்டும்

“இது யாரு கொல்லைன்னு தெர்தா சார்?”

சுவரிலிருந்து பசை ஈரம் காய்வதற்குள் உரித்து வந்த சுவரொட்டியை அம்முலு மேசைமேல் விரித்துப் போட்டாள். அதன் ஒரு மூலை சுந்தரவரதனின் தயிர்சாத டப்பாவுக்குள் போய் விழுந்தது.

சுவரொட்டியின் உச்சியில் முத்திரை. அதன்கீழ், ‘கஞ்சாச் செடியை அறிந்துகொள்வீர்! கண்டால் உடனே தெரிவிப்பீர்!’ என்ற கட்டளை. நடுவில், விரல் விரித்த கைபோன்ற இலைகளும் சிவந்த தண்டுமாக ஒரு செடி. செடிக்குப் பின்னால், சற்றே மங்கலாக, ஒரு நீலப் பிளாஸ்டிக் குடம்.

“கொடமும் என்னுது, செடியும் என்னுது” என்றாள் அம்முலு. “இது புளிச்சகீர சார்! இந்த ஆபீசு பின்னாடி நான் தண்ணி ஊத்தி வளத்துக்கினு கீறேனே, அது. காலைல ஒரு கட்டு எடுத்துக்கினு தெருவுல போனா, பொம்பளைங்க என்னைப் பாத்துட்டுக் கதவ சாத்துறாளுங்க. இன்னா சார் பேஜாரு இது?”

சுந்தரவரதன் தயிர்சாத டப்பாவை மூடி ஓரமாக வைத்தார்.

உத்திரமேரூர்ப் பேருந்து நிலையத்துக்கு இரண்டு தெரு தள்ளி, வாடகைக் கட்டடம் ஒன்றில் இயங்கிவந்த போதைத் தடுப்புக் கூட்டுக் குழுவில் சுந்தரவரதன் இளநிலை உதவியாளர். வருவாய், காவல், மதுவிலக்கு, வேளாண்மை, சுகாதாரம் என ஐந்து துறைகளும் கைகோத்துச் செயல்படுவதற்காக அமைக்கப்பட்ட குழு அது. கைகோப்பதற்கான கோப்புகளைத் தயாரிப்பது சுந்தரவரதனின் வேலை. அம்முலு அந்த அலுவலகத்தின் துப்புரவுப் பணியாளர்.

சுந்தரவரதன் பதினோரு ஆண்டுகளாக இளநிலையிலேயே இருந்தார். இந்த மாதக் கடைசியில் பதவி உயர்வுப் பட்டியல் வரவிருந்தது. அதில் தம் பெயர் இருக்கிறதென்று நம்பகமான வட்டாரத்திலிருந்து தெரிந்துகொண்டு, மனைவி வேதாவிடம் சொல்லியுமிருந்தார். வேதா அதைத் திருப்புட்குழிப் பெருமாளிடம் சொல்லி, புளியோதரையும் அக்காரவடிசிலுமாகத் தளிகை சமர்ப்பிப்பதாக வேண்டிக்கொண்டாள். பெருமாளிடம் சொன்னதைத் தன் அண்ணனிடமும் சொல்லிவிட்டாள் என்பதுதான் கொஞ்சம் சங்கடம். இந்த நேரத்தில் ‘பதினேழு-பி’ என்று அரசு ஊழியர்கள் குரலைத் தாழ்த்திச் சொல்லும் ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பாணை ஒன்று வந்தால் போதும். பட்டியலிலிருந்து பெயர் தானாக உதிர்ந்துவிடும்.

அந்தப் படம் சுவரொட்டிக்குள் வந்த கதையை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

மூன்று வாரங்களுக்கு முன் நடந்த கூட்டத்தில், சுவரொட்டிக்குக் கஞ்சாச் செடியின் படம் ஒன்று வேண்டும் என்ற பேச்சு வந்தது. காவல் துறையிடம் படம் இருந்தது; ஆனால் அது வழக்கு ஆவணம், நீதிமன்ற அனுமதி வேண்டும். மதுவிலக்குப் பிரிவினர் தங்களிடமிருப்பது இரகசியம் என்றனர். சுகாதாரத் துறை, ‘நோயாளியின் படம் வேண்டுமானால் தருகிறோம்’ என்றது. வேளாண்மை அலுவலர் ஜெயப்பிரியா பயிற்சிக்குக் கோயம்புத்தூர் போயிருந்தாள். அவளுக்குப் பதில் பொறுப்பு வகித்தவர், ‘மானியம் இல்லாத பயிருக்கு எங்களிடம் படம் கிடையாது’ என்று சொல்லிவிட்டார். கடைசியாக உதவி ஆய்வாளர் வினோத்குமார் பெருமிதத்தோடு ஒரு தகவலை வெளியிட்டார்: “செல்போன்ல இந்தச் செடியைத் தேடறவன் ஒவ்வொருத்தன் பேரும் எங்களுக்கு வந்துடும்.”

அதன்பிறகு சுந்தரவரதன் தம் செல்போனைத் தொடவே பயந்தார்.

அச்சகத்துக்கு மாலை நான்கு மணிக்குள் கோப்பு போயாக வேண்டும். ஜன்னல் வழியே பார்த்தார். பின்புறத்தில், என்றோ ஒரு பயிற்சிக் கையேட்டில் கோட்டோவியமாகக் கண்ட அதே வடிவத்தில், ஐந்து விரல் இலையோடு ஒரு செடி காற்றில் ஆடியது. அவர் வீட்டில் புளிச்சைக்கீரை சமைக்கும் வழக்கமே இல்லை. கீரை என்றால் அவருக்கு முளைக்கீரை. அதுவும் மசித்த நிலையில். ஆகவே அந்தச் செடியை ஏதோ ஒரு செடி என்று மட்டும் எண்ணிப் படமெடுத்தார். நேர்மையான மனிதராதலால், படத்தின்கீழ்க் கோப்பில் தெளிவாக எழுதினார்: ‘மாதிரிப் படம் மட்டும். சரியான படம் கிடைத்ததும் மாற்றப்பட வேண்டும்.’

கோப்பு ஐந்து துறைகளுக்கும் போனது. ஐந்து பேரும் கையெழுத்திட்டார்கள். ஐயாயிரம் பிரதிகள் அச்சாகி, எழுபது கிராமங்களின் சுவர்களில் ஏறிவிட்டன.

“அம்முலு, கொஞ்சம் மெதுவாப் பேசு” என்றார் சுந்தரவரதன். “நானே தலைவர்கிட்டப் போய் ஒத்துக்கறேன். ஒத்துண்டா மன்னிச்சுடுவார்.”

வருவாய்த் துறையைச் சேர்ந்த குழுத் தலைவர் வேதகிரியின் அறைக்குள் சுந்தரவரதன் நுழைந்தபோது, அவர் இரண்டு கைகளையும் நீட்டி வரவேற்றார். பதினோரு ஆண்டுகளில் அவர் சுந்தரவரதனுக்குக் கைநீட்டியது அதுவே முதல் தடவை.

“வாங்க, வாங்க! அரை நாள்ல நூத்தி நாப்பது போன்! ஜனங்க எப்படி விழிப்படைஞ்சுட்டாங்க பாத்தீங்களா? மேலிடத்துல இருந்து இப்பத்தான் பேசினாங்க. அஞ்சு துறை ஒருங்கிணைப்புக்கு நம்ம குழுதான் முன்மாதிரியாம். அடுத்த வாரம் நேர்லயே பாராட்ட வராங்க. சுவரொட்டி உங்க கைவண்ணம்னு சொல்லி வெச்சிருக்கேன்.”

“சார், அந்தப் படத்துல ஒரு சின்ன…”

“சின்னதாத்தான் இருக்கு. அடுத்த பதிப்புல பெருசாப் போட்டுடலாம்.”

சுந்தரவரதன் வெளியே வந்தார். ஒத்துக்கொள்வதற்கென்று கொண்டுபோன சொற்களை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார்.

வாசலில் வினோத்குமாரின் ஜீப் வந்து நின்றது. உதவி ஆய்வாளரின் தொப்பியில் ஒரு கீரைத் தழை ஒட்டிக்கொண்டிருந்தது.

“மூணு ஊர் போயிட்டு வரேன் சார். ஊருக்கு ஊர் கஞ்சாத் தோட்டம்! பிடுங்கப் போனா ஒரு அம்மா அகப்பையால அடிக்க வராங்க. ‘குழம்பு கொதிக்குது, அப்புறமா வா’ன்னு சொல்றாங்க சார்! இவ்வளவு பகிரங்கமா கஞ்சாக் குழம்பு வைக்கிற ஊரை நான் பாத்ததே இல்லை.”

“நீங்க கஞ்சாச் செடியைப் பாத்ததில்லையா?” என்று சுந்தரவரதன் எச்சரிக்கையாகக் கேட்டார்.

“பொட்டலமாப் பாத்திருக்கேன். செடியா யார் சார் பாத்தா? அதான் போஸ்டர்லயே போட்டுட்டீங்களே!”

தாம் கீரையை மசித்த நிலையிலேயே அறிந்திருப்பதும், உதவி ஆய்வாளர் கஞ்சாவைப் பொட்டலமாகவே அறிந்திருப்பதும் ஒரே குற்றத்தின் இரண்டு பக்கங்கள் என்று சுந்தரவரதனுக்குத் தோன்றியது. அந்தச் சிந்தனையால் ஆறுதல் கிடைத்ததே தவிர வழி கிடைக்கவில்லை.

அன்று மாலையே ஒரு வழி கண்டார். தவறு என்று சொல்லாமல் தவறைத் திருத்துவது எழுத்தர்களுக்கே வாய்த்த கலை. ‘விளக்கக் குறிப்பு’ என்ற தலைப்பில் ஒரு துண்டறிக்கை தயாரித்து எல்லா ஊராட்சிகளுக்கும் அனுப்பினார்: ‘கைபோல் பிரிந்த இலையுள்ள செடிகள் எல்லாமே கஞ்சா அல்ல. பொதுமக்கள் பதற்றமின்றி, ஐயம் இருப்பின் குழுவை அணுகித் தெளிவு பெறலாம்.’

பொதுமக்கள் அணுகினார்கள்.

மறுநாள் காலை அலுவலக வாசலில் ஒரு தோட்டமே வரிசையில் நின்றது. ஆமணக்கோடு ஒருவர், மரவள்ளியோடு ஒருவர், வேரும் மண்ணுமாகப் பப்பாளிக் கன்றைத் தோளில் சாய்த்தபடி ஒருவர். அதுவரை யாரும் சந்தேகப்படாத செடிகளையெல்லாம் அந்தத் துண்டறிக்கை சந்தேகத்துக்குள் இழுத்துவிட்டிருந்தது. தாமலிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்திருந்த ஓர் அம்மாள், மடியிலிருந்து ஒற்றை வெண்டைக்காய்ச் செடியை எடுத்து வைத்தாள்.

“எங்க ஓரகத்தி போட்டுக் குடுத்துடுவா சார். இது அது இல்லன்னு ஒரு வார்த்த எழுதிக் குடுத்துடுங்க.”

“வெண்டைக்காய்க்கு எதுக்கும்மா எழுத்து?”

“உங்களுக்கு எங்க ஓரகத்தியத் தெரியாது.”

அந்த வார்த்தையில்தான் சுந்தரவரதனுக்கு அடுத்த யோசனை பிறந்தது. மதிய உணவுக்குள் ஒரு படிவம் உருவாயிற்று: ‘மேற்காணும் நபர் கொண்டுவந்து காட்டிய __________ செடி, சுவரொட்டியில் காணப்படும் செடி அல்ல என ஐந்து துறைகளும் கூட்டாகச் சான்றளிக்கின்றன.’ வரிசை நீளமாக இருந்தது. அதிகாரிகளுக்கு நேரம் குறைவாக இருந்தது. ஆகவே ஐந்து பேரும் நானூறு படிவங்களில் முன்கூட்டியே கையெழுத்திட்டு, ஐந்து வட்ட முத்திரைகளையும் குத்திக் கொடுத்துவிட்டார்கள். செடியின் பெயரை நிரப்புவது மட்டும் சுந்தரவரதனின் பொறுப்பு.

பரிசோதனை எளிமையானது. சுவரொட்டிச் செடியின் தண்டு சிவப்பு. வந்த செடியின் தண்டு பச்சையாக இருந்தால், அது இது அல்ல. தர்க்கத்தில் ஓட்டை இல்லை.

அம்முலு அருகில் நின்று, “பச்ச சார்… இதுவும் பச்ச சார்… இது பிளாஸ்டிக்கு சார், யோவ், பூ ஜாடியக் கொண்டாந்து கீற!” என்று உதவினாள். அவள் தேநீர் வாங்கப் போனபோது மட்டும் சுந்தரவரதன் தனியாகப் பார்த்தார்.

அப்படித் தனியாக இருந்த வேளையில் வந்தவர் காவாந்தண்டலத்துப் பச்சமுத்து. நெல்லும் வேர்க்கடலையும் பயிரிடுபவர். சட்டையின் மேல்பொத்தான் வரை போட்டு, நெற்றியில் குங்குமமிட்டு, கல்யாணத்துக்கு வந்தவரைப்போல் நின்றார். செய்தித்தாளில் சுற்றிய ஒரு கொத்தை மிகுந்த மரியாதையோடு மேசைமேல் வைத்தார். பிரித்ததும் எழுந்த வாடையில் சுந்தரவரதனுக்குக் கண் கரித்தது.

“என்னய்யா இது, இந்த வாடை?”

“அதான் சார் அதோட குணமே. கொசு கிட்டயே வராது. எங்க மச்சான் லாரி ஓட்றாரு. வடக்க லோடு ஏத்திக்கினு போனப்போ வெத கொண்டாந்து நட்டாரு. மாட்டுக் கொட்டா பக்கத்துல வெச்சிக் கீறேன். மாடு ராவெல்லாம் நிம்மதியாத் தூங்குது சார்.”

ஐந்து விரல் இலை. கொசுவுக்கு ஆகாத வாடை. நொச்சி என்ற செடி ஒன்று உண்டென்றும், அதைக் கொசுவுக்காகப் புகைப்பார்கள் என்றும் சுந்தரவரதன் கேள்விப்பட்டிருந்தார். தண்டைப் பார்த்தார். பச்சை. ‘வடக்கத்தி நொச்சி’ என்று அழகான கையெழுத்தில் நிரப்பிக் கொடுத்தார்.

பச்சமுத்து சான்றிதழைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “அஞ்சு முத்திரை! எங்க வூட்டுப் பத்திரத்துல கூட ரெண்டுதான் சார் கீது.”

இரண்டே நாளில் முந்நூற்றுப் பன்னிரண்டு சான்றிதழ்கள் போயின. எதிரிலிருந்த ஜெராக்ஸ் கடைக்காரர் இரண்டாவது லேமினேஷன் இயந்திரம் வாங்கினார். ஊரில் பதற்றம் தணிந்தது. புளிச்சைக்கீரை வைத்திருந்தவர்களைத் தவிர மற்ற எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். கீரை வைத்திருந்தவர்களுக்கு மட்டும், தண்டு சிவப்பு என்பதால், சான்றிதழ் தர முடியவில்லை.

அம்முலுவுக்கும் தர முடியவில்லை.

“ஊருல இருக்குற பூச்செடிக்கெல்லாம் முத்திர குத்துறீங்க” என்றாள் அவள், துடைப்பத்தை ஓரமாகச் சாய்த்துவிட்டு. “என் கீர மட்டும் திருட்டுக் கீரையா நிக்குது. நாலு நாளா ஒரு கட்டு போணியாவல. கோவத்துல சொல்லல சார். நீ நல்ல மனுசன். ஆனா நல்ல மனுசன் பண்ற தப்ப யாரு சார் திருத்துறது?”

அன்று வீட்டில் வேதா கேட்டாள்: “ஏன்னா, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? பட்டியல் வந்துடுத்தா?”

“வரல. வந்தாலும் நான் இருக்கப்போறதில்ல. ஒரு செடி விஷயத்துல தப்புப் பண்ணிட்டேன்.”

எல்லாவற்றையும் கேட்டு முடித்த வேதா சற்று யோசித்தாள். “பெருமாளுக்குச் சொன்னதை மாத்த முடியாது. அண்ணாகிட்டச் சொன்னதை மாத்திக்கலாம். நாளைக்கு எல்லார் எதிர்லயும் உண்மையைச் சொல்லிடுங்கோ. அந்த அம்முலுவோட கீரை வித்தாப் போறும்.”

மறுநாள் ஐந்து துறைகளின் கூட்டம். சுந்தரவரதன் எழுந்து நின்று, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்து, “மதிப்புக்குரிய…” என்று ஆரம்பித்த நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு ஜெயப்பிரியா உள்ளே வந்தாள். பயிற்சி முடிந்து கோயம்புத்தூரிலிருந்து நேராக வந்திருந்தாள். சுவரில் ஒட்டியிருந்த சுவரொட்டியைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள். பிறகு அந்த அறையில் அதுவரை யாரும் சிரித்திராத விதத்தில் சிரித்தாள்.

“சார், இது புளிச்சக்கீரை! பருப்பு போட்டுக் கடைஞ்சா ரெண்டு தட்டு சோறு உள்ள போகும்!”

வினோத்குமார் மெதுவாகத் தம் தொப்பியைக் கழற்றி, தழை இன்னும் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார்.

“யார் இந்தப் படத்தைப் போட்டது?” என்றார் வேதகிரி. குரலில் பதினேழு-பியின் முதல் வரி ஒலித்தது.

“நான்தான் சார்” என்றார் சுந்தரவரதன். கோப்பைக் கொண்டுவந்து திறந்து வைத்தார்.

எல்லோரும் குனிந்தார்கள். படம் இருந்தது. படத்தின்கீழ், ‘மாதிரிப் படம் மட்டும். சரியான படம் கிடைத்ததும் மாற்றப்பட வேண்டும்’ என்ற குறிப்பு இருந்தது. குறிப்பின்கீழ், ஒன்றன்கீழ் ஒன்றாக, ‘பார்த்தேன்’, ‘பார்த்தேன்’, ‘பார்த்தேன்’, ‘பார்த்தேன்’, ‘பார்த்தேன், சிறப்பு’ என்ற ஐந்து கையெழுத்துகள் இருந்தன. ‘சிறப்பு’ என்று எழுதியவர் வேதகிரி.

அமைக்கப்பட்ட நாளிலிருந்து எந்தத் தீர்மானத்திலும் ஒருமித்திராத ஐந்து துறைகளும் அந்த நிமிடத்தில் முதல்முறையாக ஒருமனப்பட்டன. இது யாருடைய தவறும் இல்லை. சொல்லப்போனால் தவறே இல்லை. மக்களின் விழிப்புணர்வை அளந்தறிய நடத்தப்பட்ட முன்னோட்டம் இது. மருத்துவ அலுவலர் அதை முன்மொழிந்தார். மதுவிலக்குப் பிரிவு வழிமொழிந்தது.

“அந்தச் சான்றிதழ்கள்?” என்று, மேசைமேல் கிடந்த சான்றிதழ்ப் பதிவேட்டைப் புரட்டியபடி ஜெயப்பிரியா கேட்டாள். “முந்நூறு பேருக்குக் கொடுத்திருக்கீங்களே, அதுக்கு இப்ப என்ன அர்த்தம்?”

சுந்தரவரதன் நிதானமாக யோசித்துச் சொன்னார்: “அவங்க கொண்டுவந்த செடி புளிச்சக்கீரை இல்லைன்னு அர்த்தம். அது உண்மைதானே மேடம்?”

வேதகிரி மேசையைத் தட்டினார். “பாருங்க! ஒரு சான்றுகூடப் பொய் இல்லை. இவரை மாதிரி ஆளைத்தான் பதவி உயர்வுக்கு அனுப்பணும்.”

ஜெயப்பிரியா உரிய அனுமதிகளோடு சரியான படத்தை வாங்கித் தந்தாள். புதிய சுவரொட்டி அச்சானது. அதன் அடியில், ‘புளிச்சைக்கீரை உடலுக்கு நல்லது, அச்சமின்றி உண்பீர்’ என்ற ஒரு வரியைச் சுந்தரவரதன் பிடிவாதமாகச் சேர்க்கவைத்தார். இடமில்லை என்று அச்சகத்தார் சொன்னபோது, ஐந்து துறைகளின் பெயர்களைச் சிறிதாக்கச் சொன்னார். சுவரொட்டி ஊரூராய்ப் போவதற்கு முன் அலுவலகத்திலேயே பரிகாரம் செய்ய வேண்டுமென்று, வெளியீட்டு விழாவுக்கான மதிய உணவில் அம்முலுவின் கீரை அத்தனை கட்டும் பருப்போடு கடையப்பட்டது. சுந்தரவரதன் வாழ்வில் முதல்முறையாக அதை உண்டு, இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

“எப்டி சார் கீது?” என்றாள் அம்முலு.

“படத்துல பாத்ததைவிட நன்னாயிருக்கு.”

அன்று காலையில்தான் பதவி உயர்வுப் பட்டியலும் வந்திருந்தது. பெயர் அதில் இருந்தது. வேதா தொலைபேசியில் தளிகைக்கு நாள் குறித்துக்கொண்டிருந்தாள்.

விழா தொடங்கிற்று. மேலிடத்து அதிகாரி நாடாவை இழுக்க, புதிய சுவரொட்டி விரிந்தது. கூட்டம் கைதட்டியது. முதல் பிரதியை விவசாயிகள் சார்பில் பெற்றுக்கொள்ள, குழுவுக்கு ஒத்துழைப்புத் தந்த முன்மாதிரிக் குடிமகன் என்று ஒருவரைச் சுந்தரவரதனே தேர்ந்தெடுத்திருந்தார். மேல்பொத்தான் வரை போட்ட சட்டையும் நெற்றிக் குங்குமமுமாகப் பச்சமுத்து மேடையேறி, பிரதியைப் பணிவோடு வாங்கினார். படத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தார். தள்ளி வைத்துப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்து ஒலிபெருக்கியை நோக்கிக் குனிந்தார்.

“அடடே, நம்ம வூட்டுச் செடி!” என்றார். “நீங்க கவலயேப்படாதீங்க சார், அஞ்சு பேரும் கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்களே, அந்த சர்டிபிகேட்ட அப்பவே ஜெராக்ஸ் எடுத்து, லேமினேஷன் பண்ணி, முப்பத்தாறு செடி கழுத்துலயும் கட்டித் தொங்கவுட்டுக் கீறேன்.”